ஆறடித் தொட்டியில் அமெரிக்க சிக்லிட்கள்: குலைந்த அமைதியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வரும் வளர்ப்பாளர் மீன்தொட்டிக்குப் புதியவர் அல்லர். செடித் தொட்டியில் சிறு மீன்களை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நன்றாக வளர்த்தவர். தண்ணீர்ச் சோதனை, வடிகட்டிப் பராமரிப்பு, குளோரின் நீக்குவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலைகள். பெரிய மீன்கள் மீது நெடுநாள் ஆசை இருந்ததால் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டி ஒன்றை வாங்கினார். கணக்குப்படி 680 லிட்டர். மணல், கற்கள், மேலே விட்ட இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் ஏறக்குறைய 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரண்டு கேனிஸ்டர் வடிகட்டிகளை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) மாட்டினார். வெப்பநிலை 26 முதல் 27 டிகிரி செல்சியஸ். மீன் கழிவின் நச்சைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வளர்வதற்காக, மீன் விடாமலேயே அம்மோனியா சேர்த்து ஓட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்ஜியத்துக்கு இறங்கும் நிலை வந்த பிறகே மீன்களை விட்டார். தொடக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

விட்ட மீன்கள் இவை: ஆஸ்கர் ஒன்று, கிரீன் டெரர் ஒன்று, ஜாக் டெம்ப்சி ஒன்று, ஃபயர்மவுத் ஒன்று, செவரம் ஒன்று, கன்விக்ட் இரண்டு, சில்வர் டாலர் ஆறு, பிளெக்கோ ஒன்று. சில்வர் டாலரும் பிளெக்கோவும் தவிர மற்றவை எல்லாம் சிக்லிட்கள், அதாவது எல்லை பிடித்து, முட்டையையும் குஞ்சையும் காக்கும் மீன் குடும்பம். சிக்லிட்கள் அனைத்தும் 5 முதல் 7 சென்டிமீட்டர் அளவுள்ள குட்டிகள். ஒன்றாகவே வளர்ந்தால் ஒன்றுக்கொன்று பழகிவிடும் என்பது அவருடைய எண்ணம். பலரும் சொல்லும் யோசனைதான் அது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற பாதி இந்த ஆய்வில் வருகிறது.

இந்த மீன்கள் இயற்கையில் ஒன்றையொன்று சந்திப்பவை அல்ல. ஆஸ்கரும் செவரமும் அமேசான் வடிநிலத்தைச் சேர்ந்தவை. கிரீன் டெரர் ஆண்டிஸ் மலைக்கு அப்பால், பசிபிக் பக்கம் ஓடும் எக்வடோர், பெரு நாட்டு ஆறுகளின் மீன். ஜாக் டெம்ப்சி, ஃபயர்மவுத், கன்விக்ட் மூன்றும் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தந்தவை. 'அமெரிக்க சிக்லிட்' என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பதால் இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தோன்றுகின்றன. ஒன்றின் மிரட்டல் மற்றொன்றுக்கு எப்படிப் புரியும் என்பது தொட்டியில் விட்ட பிறகுதான் தெரியவரும்.

வளர்ப்பாளர் உதவிக்கு அழைத்து நான் இந்த நிகழ்வுக்குள் வந்தது ஒன்பதாம் மாத இறுதியில். அதற்கு முன் நடந்தவற்றை எழுத உதவியது ஒரு நோட்டுப்புத்தகம். வளர்ப்பாளரின் மகள் பள்ளி மாணவி. தினமும் காலையில் உணவு போடுவது அவளுடைய பொறுப்பு. எந்த மீன் உணவுக்கு வந்தது, எது வரவில்லை என்று ஒவ்வொரு நாளும் குறித்து வைத்திருந்தாள். தந்தை வைத்திருந்த தண்ணீர்ச் சோதனைக் குறிப்புகளைவிட அந்த வருகைப் பதிவேடுதான் நடந்ததைத் தெளிவாகச் சொன்னது.

முதல் ஏழு மாதங்கள்

சொல்வதற்கு அதிகமில்லை. மீன்கள் வளர்ந்தன. துரத்தல் இருந்தது, காயம் இல்லை. ஆஸ்கர் மற்றவற்றை முந்திக்கொண்டு ஏழாம் மாதத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. உணவு நேரத்தில் எல்லா மீன்களும் கண்ணாடிக்கு வந்து நின்றன. பார்க்க வந்தவர்களிடம், "இவை எல்லாம் சண்டைக்கார மீன்கள் என்று சொன்னார்கள், பாருங்கள், எவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன" என்று அவர் பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

பிழையின் வேர் இந்த மாதங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த அமைதி மீன்களின் இணக்கத்தால் வந்ததன்று, அவற்றின் வயதால் வந்தது. சிக்லிட் குட்டிக்குக் காக்க வேண்டிய இடமும் இல்லை, இணையும் இல்லை. இனப்பெருக்க வயதை எட்டும்போதுதான் அதற்கு மணலில் ஒரு மூலை தன்னுடையதாகிறது. ஏழு மாதம் சண்டையின்றி ஓடிய தொட்டி எட்டாம் மாதமும் அப்படியே ஓடும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் பார்ப்பவர் மனத்தில் அந்த நம்பிக்கை நாளுக்கு நாள் உறுதியாகிக்கொண்டே போகிறது.

எட்டாம் மாதம்: கவனிக்கப்பட்டதும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும்

மகளின் நோட்டில் எட்டாம் மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு வரி இருக்கிறது: "சின்னக் கன்விக்டின் வயிற்றில் ஆரஞ்சு நிறம்." தந்தையிடமும் சொல்லியிருக்கிறாள். சிக்லிட்களில் பொதுவாக ஆண் மீன்தான் பளிச்சென்று இருக்கும் என்பதால், "இதுவும் ஆண்தான், நிறம் வருகிறது" என்று அவர் பதில் சொன்னார். கன்விக்ட் இந்த வழக்கத்துக்கு விலக்கு. வயிற்றில் ஆரஞ்சோ செம்பு நிறமோ ஏறுவது பெண் மீனுக்கு. ஆண் உருவில் பெரியது, துடுப்பு நீண்டது, உடலில் கருப்புப் பட்டைகள் மட்டும். இரண்டு கன்விக்டும் சேர்ந்து ஒரு ஜோடி என்பது அந்த ஒரு வரியிலேயே எழுதப்பட்டிருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தொட்டியின் இடது ஓரத்தில், சாய்த்து வைத்த பலகைக்கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகள் காணப்பட்டன. வளர்ப்பாளர் மகிழ்ந்தார். அது இயல்பு. தொட்டியில் மீன் முட்டையிடுவது தண்ணீர் நன்றாக இருப்பதன் அடையாளம் என்று செடித்தொட்டிக் காலத்திலிருந்து அவர் அறிந்திருந்தார். மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன. ஜோடி அவற்றை வாயால் கவ்வி, மணலில் தோண்டிய குழிக்கு மாற்றியது. மேலும் ஐந்து நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. அதன்பின் கன்விக்ட் ஜோடி காக்கும் பரப்பு ஒரு கல்லிலிருந்து தொட்டியின் இடது பாதியாக விரிந்தது.

கன்விக்ட் 10 சென்டிமீட்டருக்கு மேல் அதிகம் போகாத மீன். எதிரே 23 சென்டிமீட்டர் ஆஸ்கர். ஆனாலும் ஒதுங்கியது ஆஸ்கர்தான். ஒரு கன்விக்ட் முன்னால் நின்று மிரட்ட, மற்றொன்று பின்னால் வந்து வால் துடுப்பைக் கடிக்கும். ஆஸ்கர் வலது மூலையில் அடியில் சாய்ந்து படுத்துக்கொண்டது. நோய் வந்துவிட்டது என்று எண்ணி வளர்ப்பாளர் மருந்து தேடினார். அழுத்தத்துக்கு உள்ளாகும் ஆஸ்கர் இப்படி ஒருக்களித்துக் கிடப்பது அந்த மீனுக்கு உரிய பழக்கம். மருந்து எதுவும் தேவைப்படவில்லை, இடம்தான் தேவைப்பட்டது.

ஒன்பதாம் மாதம்: ஃபயர்மவுத்

பெரிய மீன் படுத்துக் கிடந்ததால் எல்லோர் கண்ணும் அதன் மேல். இதற்கிடையில் ஃபயர்மவுத்துக்கு நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஃபயர்மவுத் மிரட்டலையே ஆயுதமாக நம்பும் மீன். எதிரி வந்தால் செவுள் மூடிகளை விரித்து, தொண்டையின் சிவப்பைப் பரப்பிக் காட்டும். மூடியின் கீழ் ஓரத்தில் உள்ள கரும்புள்ளிகள் அப்போது இரண்டு பெரிய கண்களைப் போலத் தெரியும். தன் இனத்திடம் இது பெரும்பாலும் போதும், எதிரி விலகிவிடும். மணலைச் சலித்து உண்ணும் அந்த வாயில் கடித்துச் சண்டையிடும் வலு குறைவு. இந்தத் தொட்டியில் அது விரித்துக் காட்டிய சிவப்பை, குஞ்சு காக்கும் கன்விக்ட் ஜோடி சவாலாக எடுத்துக்கொண்டது. மிரட்டிய மீன் மோதலுக்கு நிற்கவில்லை, ஓடியது. ஆற்றில் என்றால் சில மீட்டர் தள்ளிப் போனதும் விஷயம் முடிந்திருக்கும். தொட்டியில் தோற்ற மீன் வென்ற மீனின் கண்ணெதிரிலேயே நாள் முழுக்க நின்றாக வேண்டியிருக்கிறது.

நோட்டில் அந்த வாரத்துப் பக்கங்கள் இப்படி இருக்கின்றன: செவ்வாய், "ஃபயர்மவுத் தாமதமாக வந்தது." புதன், "வரவில்லை." வியாழன், "வரவில்லை." வெள்ளி, "வந்தது, சாப்பிடவில்லை." அதன்பின் ஐந்து நாள் தொடர்ந்து "வரவில்லை." மகள் இரண்டு முறை, "அப்பா, ஃபயர்மவுத் இன்றைக்கும் வரவில்லை" என்று நினைவூட்டியிருக்கிறாள். சிக்லிட் இரண்டொரு நாள் உண்ணாமல் இருப்பது உண்டு என்பதால் அவர் கவலைப்படவில்லை.

எனக்கு அழைப்பு வந்தது பத்தாம் நாள். போய்ப் பார்த்தபோது அந்த மீனைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று. தொட்டியின் வலது பின் மூலையில், ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள இரண்டு விரல் அகல இடுக்கில், தலை மேலாகச் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. வால் துடுப்பில் முள் மட்டுமே மிஞ்சியிருந்தது. இடது பக்கச் செதில்கள் உதிர்ந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெண்சதை தெரிந்தது. தொண்டையில் சிவப்பே இல்லை, சாம்பல் நிறம். செவுள் மூடி வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது. கைவிரலைக் கண்ணாடியில் வைத்தபோதும் அது அசையவில்லை.

"அண்ணா, நான் பெரிய மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் வளர்ப்பாளர். அவருடைய குரலில் இருந்த வருத்தம் உண்மையானது.

முதல் முடிவு: காயம்பட்ட மீனை எடுப்பது

எடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வைக்க இடம்தான் இல்லை. 60 லிட்டர்த் தொட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதைக் கழுவி, புதிய பஞ்சு வடிகட்டி பொருத்தி, பெரிய தொட்டியின் தண்ணீரையே நிரப்பி மீனை விட்டோம். லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் உப்பைக் கரைத்து, ஒரே தடவையில் கொட்டாமல் ஒரு நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். கண்ணாடியின் மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி இருட்டாக்கினோம்.

இரண்டாம் நாள் மீன் கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் அம்மோனியா காட்டியது. புதிய பஞ்சில் நுண்ணுயிர் இல்லை, பழைய தண்ணீரில் இருப்பதும் மிகச் சொற்பம். அவை வாழ்வது வடிகட்டிப் பொருளின் மேற்பரப்பில்தான். கேனிஸ்டரிலிருந்து ஒரு கைப்பிடி வடிகட்டிப் பொருளை எடுத்துப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் சொல்ல விட்டுவிட்டேன். தினமும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினோம். ஐந்தாம் நாள் வால் அடியில் வெண்பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்தது. ஆறாம் நாள் காலை மீன் இறந்து கிடந்தது.

காயமே அதைக் கொன்றிருக்கக்கூடும். ஆனால் காயம்பட்ட மீனுக்கு நாம் கொடுத்த இடமும் நல்ல இடமாக இல்லை என்பதைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இரண்டாம் முடிவு: கன்விக்ட் ஜோடி

இப்போது நான்கு வழிகள் பேசப்பட்டன. ஒவ்வொன்றையும் ஏன் ஏற்றோம், ஏன் விட்டோம் என்பதைச் சொல்வதுதான் இந்த ஆய்வின் முக்கியமான பகுதி.

முட்டைகளை ஒவ்வொரு முறையும் அகற்றிவிடலாம் என்றார் வளர்ப்பாளர். முட்டை போனால் கன்விக்ட் ஓய்வதில்லை, இரண்டொரு வாரத்தில் மீண்டும் இடும். காக்கும் வெறி குறையாது, முட்டையிடும் சுற்றுதான் விரைவாகும். எனவே விட்டோம்.

இன்னும் நிறைய மீன்களைச் சேர்த்தால் தாக்குதல் ஒரே மீன் மேல் விழாமல் பரவும் என்ற யோசனை அடுத்தது. ஆப்பிரிக்க ஏரிச் சிக்லிட்களை வளர்ப்பவர்கள் இப்படிச் செய்து பலன் காண்கிறார்கள். அவை 10, 12 சென்டிமீட்டர் மீன்கள். 25 சென்டிமீட்டருக்கு வளரும் மீன்களுக்கு அதே கணக்கைப் போட்டால் தண்ணீர் தாங்காது. அந்த வாரச் சோதனையில், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் ஏற்கனவே 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு) இருந்தது. வாரம் ஒரு முறை 25 சதவீதம் மாற்றியது குட்டிகளாக இருந்தபோது போதுமானதாக இருந்தது. மீன்கள் வளர்ந்த பிறகும் அதே அளவைத் தொடர்ந்திருக்கிறார். இந்த யோசனையையும் விட்டோம். அதோடு வாரம் இருமுறை 40 சதவீதம் மாற்றுவது என்று முடிவு செய்தோம். அடுத்த மாதத்தில் நைட்ரேட் 30-க்குக் கீழே வந்தது. சண்டை அதனால் சிறிதும் குறையவில்லை. காயங்கள் விரைவாக ஆறின.

கற்களை இடம் மாற்றி எல்லைகளைக் குலைப்பது மூன்றாவது. செய்து பார்த்தோம். புதிய மீன் விடும்போதும், இரண்டு மீன்கள் எல்லைக்காக மோதும்போதும் இது பயன் தரும். குஞ்சோடு இருக்கும் ஜோடிக்கு எல்லை கல்லில் இல்லை, குஞ்சுகள் எங்கே இருக்கின்றனவோ அதுவே எல்லை. இரண்டு மணி நேரத்தில் இடது பாதி மீண்டும் அவற்றின் வசமானது.

ஜோடியை வெளியேற்றுவது ஒன்றே மிஞ்சியது. அதற்கு மூன்றடித் தொட்டி ஒன்று ஏற்பாடானது. இம்முறை அதன் வடிகட்டியில் பழைய தொட்டியின் வடிகட்டிப் பொருளைப் போட்டே தொடங்கினோம். பிடிப்பதற்கு வலையைப் பயன்படுத்தவில்லை. சிக்லிட்களின் துடுப்பு முள் வலையில் சிக்கினால் மீனும் காயப்படும், எடுக்கிற கையும் காயப்படும். தண்ணீரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, கற்களை எடுத்துவிட்டு, பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடித்தோம். குஞ்சுகளில் முடிந்தவற்றைக் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். தவறியவை அன்று மாலைக்குள் மற்ற மீன்களுக்கு இரையாயின.

அன்றிரவே ஆஸ்கர் தொட்டியின் இடது பக்கம் போய் வந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பின் முதல் முறை.

பத்தாம், பதினோராம் மாதங்கள்: காலியான இடம்

பன்னிரண்டு நாள் அமைதி நிலவியது. பதிமூன்றாம் நாள் கிரீன் டெரர் இடது பக்கக் கல்லடுக்கைப் பிடித்துக்கொண்டது.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கன்விக்ட் ஜோடி தாக்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, மற்ற மீன்களை அவரவர் இடத்தில் நிறுத்தியும் வைத்திருந்தது. முதலிடத்தில் இருந்த மீன் போனால் அந்த இடம் காலியாகவே இருக்காது. அடுத்த நிலையில் உள்ளவை அதற்காக மோதும். ஜோடியை எடுத்த அன்றே கல்லடுக்கை வேறு வடிவில் அமைத்து, எல்லா மீன்களுக்கும் தொட்டியைப் புதிதாக்கியிருக்க வேண்டும். மீன்கள் களைத்திருக்கின்றன, இன்னொரு கலவரம் வேண்டாம் என்று நான்தான் பழைய இடத்திலேயே கற்களை வைக்கச் சொன்னேன். அது தவறான ஆலோசனை.

கிரீன் டெரர் ஆண் என்பது அப்போது ஐயமின்றித் தெரிந்தது. நெற்றியில் திமில் போல மேடு எழத் தொடங்கியிருந்தது. அதற்கு ஈடான உருவமும் குணமும் உள்ள மீன் ஜாக் டெம்ப்சி. 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்த வீரரின் பெயரை அந்த மீனுக்கு வைத்தது காரணத்தோடுதான். உருவத்தில் சமமானவை மோதும்போதுதான் சண்டை நீளும். அளவு வேறுபாடு பெரிதாக இருந்தால் சிறியது உடனே ஒதுங்கிவிடும். ஒதுங்க இடம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஒரு மாலை அதை நேரில் பார்த்தேன். இரண்டும் முதலில் பக்கவாட்டில் நின்று எல்லாத் துடுப்புகளையும் விரித்தன. பிறகு ஒன்றையொன்று நோக்கி வாலால் தண்ணீரை அறைந்தன. கண்ணாடிக்கு வெளியே நின்றவனுக்கு அந்த அறை, மணலில் எழுந்த புழுதியாகத் தெரிந்தது. பிறகு நேருக்கு நேர் திரும்பி வாயைத் திறந்து, தாடையோடு தாடை கவ்விக்கொண்டன. முன்னும் பின்னுமாக இழுத்தன. பத்து விநாடிதான் இருக்கும். விட்டபோது டெம்ப்சியின் மேலுதடு பிய்ந்து தொங்கியது. உடலெங்கும் இருந்த நீலப் பொட்டுகள் சில நிமிடங்களில் மங்கி, மீன் வெளிறிப் போனது. இந்த நிறமாற்றம் தோல்வியை ஒப்புக்கொள்ளும் மொழி. கிரீன் டெரர் அதை ஏற்று நிறுத்தவில்லை.

மூன்றாம் முடிவு: தடுப்பும் மறுசேர்ப்பும்

அன்றே தடுப்பு போட்டோம். விளக்குகளுக்குப் பயன்படும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தகட்டை அளவுக்கு வெட்டி, தொட்டியின் வலது கால் பகுதியை டெம்ப்சிக்கு ஒதுக்கினோம். தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காகக் கட்டத் தகடு. ஆனால் கட்டத்தின் வழியே இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. கிரீன் டெரர் நாள் முழுக்கத் தடுப்பை ஒட்டியே காவல் நடந்தது. உணவுக்கு மட்டும் விலகியது. நான்காம் நாள் தகட்டின் கீழ்ப்பாதியை ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக்கால் மூடிய பிறகுதான் அந்த நடை நின்றது. கடிக்க முடியாவிட்டாலும் கண்ணில் படும் எதிரி எதிரிதான்.

மூன்று வாரத்தில் உதடு ஆறியது. மறுசேர்ப்பை இப்படி அமைத்தோம்: முதலில் கிரீன் டெரரை ஒரு வாரம் தனித்தொட்டிக்கு மாற்றினோம். தடுப்பை எடுத்து, கற்களை மூன்று தனிக் குவியல்களாக வைத்தோம். ஒரு குவியலில் இருந்து பார்த்தால் அடுத்தது தெரியாதபடி நடுவில் உயரமான மரவேர்கள் நிறுத்தப்பட்டன. டெம்ப்சிக்கு ஒரு வாரம் இடத்தைப் பழக்கிக்கொள்ள விட்டோம். பிறகு, விளக்கை அணைத்த இரவில், கிரீன் டெரரைக் கடைசியாக வரும் புது மீனைப் போலச் சேர்த்தோம். வலுவான மீனை அந்நியனாக்கி, பலவீனமான மீனுக்கு இடத்தின் உரிமையைக் கொடுப்பது இதன் நோக்கம். பல தொட்டிகளில் பலன் தந்த முறை.

இங்கே நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் மீண்டும் தாடைப் பிடி. எவ்வளவு நாள் முயல்வது என்பதை நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம்: மறுசேர்ப்பு ஒரே ஒரு முறை, தாடைப் பிடி ஒன்று நடந்தாலும் நிரந்தரப் பிரிவு. ஃபயர்மவுத் விஷயத்தில் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது போல இம்முறை நடக்கவில்லை. டெம்ப்சி அன்று மாலையே எடுக்கப்பட்டது. ஐந்தடித் தொட்டி வைத்திருந்த வேறொரு வளர்ப்பாளரிடம் அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தது. அங்கே அது தனியாக வாழ்கிறது.

எதைப் பிரிப்பது, டெம்ப்சியையா கிரீன் டெரரையா என்று ஒரு விவாதம் நடந்தது. தாக்குகிற மீனைத்தானே தண்டிக்க வேண்டும் என்றாள் மகள். நியாயமான கேள்வி. கிரீன் டெரர் ஆஸ்கரையும் செவரத்தையும் தொந்தரவு செய்யவில்லை, டெம்ப்சியை மட்டுமே குறிவைத்தது. டெம்ப்சியோ, கிரீன் டெரர் இல்லாத அந்த ஒரு வாரத்தில் செவரத்தைத் துரத்தத் தொடங்கியிருந்தது. நோட்டில் அந்த வாரம் செவரம் இரண்டு நாள் உணவுக்கு வரவில்லை என்று அவளே எழுதியிருந்தாள். அதைக் காட்டியதும் அவளும் ஒப்புக்கொண்டாள்.

விளைவு

இதை எழுதும்போது டெம்ப்சி போய் பதினான்கு மாதம் ஆகிறது. ஆஸ்கர் 28 சென்டிமீட்டர். கிரீன் டெரர், செவரம், ஆறு சில்வர் டாலர், பிளெக்கோ எல்லாம் அதே தொட்டியில் இருக்கின்றன. துரத்தல் இப்போதும் உண்டு. செதில் உதிரும் அளவுக்குப் போகவில்லை. கிரீன் டெரருக்கு இடது மூன்றில் ஒரு பங்கு சொந்தம், மற்றவை அங்கே தங்குவதில்லை, கடந்து போகின்றன. உணவு இரண்டு மூலைகளிலும் ஒரே நேரத்தில் போடப்படுகிறது.

சில்வர் டாலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டியில் அலங்காரத்துக்கு விடப்பட்டவை அவை. உண்மையில் அவை செய்த வேலை பெரிது. அவை கூட்டமாக நடுத்தண்ணீரில் திரிவதைப் பார்த்தால் சிக்லிட்கள் ஆபத்தில்லை என்று உணர்ந்து வெளியே வருகின்றன. கிரீன் டெரரின் கோபமும் பலமுறை அந்தக் கூட்டத்தின் மேல் பாய்ந்து, யாரையும் பிடிக்க முடியாமல் அடங்குவதைப் பார்த்திருக்கிறோம்.

கன்விக்ட் ஜோடி மூன்றடித் தொட்டியில் ஆறு முறை முட்டையிட்டது. குஞ்சுகளை ஏற்க ஆள் கிடைக்காத நிலை வந்ததும், பெண் மீனை வேறிடம் கொடுத்து ஆணை மட்டும் வைத்துக்கொண்டார்.

மீண்டும் செய்தால் எதை மாற்றுவோம்

ஒரே இனத்தில் இரண்டு குட்டிகளை, பாலினம் தெரியாமல், இப்படிப்பட்ட தொட்டியில் விடக் கூடாது. ஒவ்வொரு இனத்திலும் ஒன்று என்பதைக் கன்விக்ட் விஷயத்தில் மட்டும் மீறினார், அங்கேதான் உடைந்தது. குட்டிகளின் பாலினத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத வயதில் வாங்குவதால், இரண்டு என்றாலே ஜோடி என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஃபயர்மவுத் இந்தக் கூட்டத்துக்கு உரியதல்ல. அதன் சிவப்புத் தொண்டை கடையில் பார்க்க வீரமாகத் தெரிகிறது. கடிக்கும் மீன்களோடு வாழும்போது அந்த மிரட்டலே அதற்குப் பகை.

டெம்ப்சி, கிரீன் டெரர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்திருக்க வேண்டும். ஆறடித் தொட்டியில் ஒரே அளவுள்ள, ஒரே மாதிரி மணல்மட்டத்தில் எல்லை பிடிக்கும் இரண்டு ஆண் மீன்கள் வளர்ந்த பிறகு அமைதியாக இருந்தால் அது எதிர்பாராத நல்ல காலம். அதை நம்பித் திட்டமிட முடியாது.

உணவுக்கு வராத மீன் பற்றி இப்போது அந்த வீட்டில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால், காரணம் தேடுவதற்கு முன்பே அந்த மீனைத் தனித்தொட்டிக்கு எடுத்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு முன் செவரத்தை ஒருமுறை அப்படி எடுத்தார்கள். பக்கத்தில் சிறு கீறல் ஒன்று, வேறு எதுவும் இல்லை. நான்கு நாளில் திரும்ப விட்டார்கள்.

எடுத்து வைக்க இடம் தயாராக இருந்ததால் அது முடிந்தது. பரணிலிருந்து இறக்கிய அந்த 60 லிட்டர்த் தொட்டியை அவர் மறுபடி ஏற்றவில்லை. அதன் பஞ்சு வடிகட்டி இரண்டு மாதத்துக்கும் மேல் பெரிய தொட்டிக்குள்ளேயே ஓடி முதிர்ந்தது. இப்போது நுண்ணுயிர் பட்டினி கிடக்காமல் இருக்க, ஞாயிறுதோறும் ஓர் இரவு அது பெரிய தொட்டிக்குப் போய்த் திரும்புகிறது. மற்ற நாட்களில் சிறிய தொட்டியில், மீன் எதுவும் இல்லாமல், குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது.